ஜெஸ் பட்டர்வொர்த் நாடகங்களை எதுலேர்ந்து படிக்க ஆரம்பிக்கிறது?

ஸ்பெக்டர்ங்கற ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு எழுதின நாலு பேர்ல ஒருத்தரான ஜெஸ் பட்டர்வொர்த் நாடகமும் எழுதுவாராமே, புக்கா கிடைக்குதா, எதை முதல்ல படிக்கலாம்னு கேட்டிருக்கீங்க.

கிடைக்குது. லண்டன் நிக் ஹெர்ன் புக்ஸ்காரங்க தனித்தனியாவும் போட்டிருக்காங்க, தொகுப்பாவும் போட்டிருக்காங்க. ஆனா ஸ்பெக்டர், எட்ஜ் ஆஃப் டுமாரோ மாதிரி அவர் எழுதின படமெல்லாம் பாத்துட்டு அதே ஆள நாடகத்துல தேடினீங்கன்னா ஏமாந்துடுவீங்க. அதெல்லாம் பல கை பட்ட வேலை, நாடகம் மட்டும்தான் முழுசா அவரோடது.

முதல் நாடகம்தானே, வரிசையா போவோம்னு நான் மோஜோல ஆரம்பிச்சேன், அதுதான் தப்பு. 1995ல லண்டன் ராயல் கோர்ட் தியேட்டர்ல போட்டது. 1958ல லண்டன் சோஹோ ஏரியாவுல ஒரு கிளப், ஓனர ரெண்டா வெட்டி ரெண்டு குப்பைத் தொட்டில போட்டுட்டாங்க, அங்க வேலை செய்ற பசங்க மாத்திரைய முழுங்கிட்டு பேசறானுங்க பேசறானுங்க பேசிக்கிட்டே இருக்கானுங்க. முப்பது பக்கம் தாண்டியும் யார் எவன்னே பிடிபடல, மூடி வச்சிட்டேன்.

நீங்க தி ஃபெர்ரிமேன்ல ஆரம்பிங்க. 2017ல வந்தது. 1981, வட அயர்லாந்துல ஆர்மா பக்கம் ஒரு பண்ணை வீடு, அறுவடை நாள், வீடு முழுக்க பொண்டு புள்ளைங்க, பெரியப்பா, அத்தைங்கன்னு கூட்டம். பத்து வருஷமா காணாம போயிருந்த, வீட்டுக்காரரோட தம்பி உடம்பு சதுப்பு நிலத்துல கிடைச்சிருக்கு, அவன் பொண்டாட்டி அதே வீட்லதான் இருக்கா. வெளிய மேஸ் சிறையில, பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்துப் போராடி உள்ள போன அயர்லாந்து கைதிங்க உண்ணாவிரதம் இருந்து ஒவ்வொருத்தரா செத்துக்கிட்டிருக்காங்க, அந்த வருஷம் மொத்தம் பத்து பேர். இவ்வளவு பாரத்துக்கு நடுவுல டாம் கெட்டில்னு ஒரு வெள்ளந்தி இங்கிலீஷ்காரர் வருவார், கோட் பாக்கெட்லேர்ந்து முயல் எடுப்பார், சின்னப் பசங்களுக்கு ஆப்பிள் எடுத்துக் குடுப்பார். அந்த ஆள நமக்குப் பிடிச்சுப் போனதுக்கு அப்புறம் பட்டர்வொர்த் அவர என்ன பண்றார்ங்கறத நான் சொல்ல மாட்டேன், படிங்க. தலைப்பு, இறந்தவங்கள ஆத்தைக் கடத்தி விடற படகுக்காரன். பொதைக்காத உடம்புக்கு படகு கிடையாதுன்னு பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜில்ல வர்ற விஷயம்தான், அதையும் பெரியப்பாதான் சொல்றார்.

அடுத்தது ஜெருசலேம், 2009. எல்லாரும் இதைத்தான் தலையில தூக்கி வச்சிப்பாங்க, எனக்கும் மறுப்பில்ல. ஆனா மேடையில நாயகன் ரூஸ்டர் பைரனா நடிச்ச மார்க் ரைலன்ஸ் செஞ்சத பேப்பர்ல எதிர்பாக்காதீங்க. இங்கிலாந்து வில்ட்ஷயர் காட்டுல கேரவன் போட்டுட்டு கிடக்கிற ரூஸ்டர் பைரன காலி பண்ணச் சொல்லி கவுன்சில்காரங்க நோட்டீஸ் ஒட்டிட்டுப் போறாங்க. இவர் எழுந்து வந்து தண்ணித் தொட்டில தலைய முக்கிட்டு, பால்ல பச்சை முட்டைய உடைச்சு ஊத்தி, வோட்கா ஊத்தி, போதைப் பொடியும் போட்டு ஒரே மடக்கா குடிக்கிறார். அதான் காலை டிபன். முழுக்க மேடைக் குறிப்புதான், அதைக்கூட நின்னு நிதானமா படிங்க. அப்புறம் இதே ஆளு, ஸ்டோன்ஹெஞ்ச்ங்கற பழங்காலக் கல் வட்டத்தக் கட்டின ராட்சசன நான் பாத்தேன்னு விடற கதைய பாதி நம்பிடுவீங்க.

தி ரிவர் சின்னது, ஒரே ராத்திரில முடிச்சிரலாம். நிலா இல்லாத ராத்திரி மீன் பிடிக்கப் போற ஒருத்தன், கூட வர்ற பொண்ணு, ஆனா ஒரே பொண்ணுதானாங்கறதுல சிக்கல். மேடையிலயே மீன சுத்தம் பண்ணி சமைப்பான். 2024ல வந்த தி ஹில்ஸ் ஆஃப் கலிஃபோர்னியா, பேருக்குத்தான் கலிஃபோர்னியா, நடக்கிறதெல்லாம் இங்கிலாந்து கடலோர ஊரான பிளாக்பூல்ல. மாடியில அம்மா சாகக் கிடக்க, கீழ மகளுங்க. ஃபெர்ரிமேன் பிடிச்சிருந்தா இதுவும் பிடிக்கும்.

மோஜோவ கடைசியா எடுங்க, மனசுக்குள்ள படிக்காதீங்க, வாய் விட்டுப் படிங்க. நான் ரெண்டாவது தடவ கதவ சாத்திக்கிட்டு சத்தமா படிச்சப்போதான் யார் யார்னு காதுல விழுந்துச்சு, சிரிச்சு வயிறு வலிச்சுது. பக்கத்து ரூம்காரர் வந்து கதவத் தட்டி, யாரோட சார் சண்டைன்னார்.