காட்டு ஐரிஸ் ஆய்வை மட்டக்களப்பில் செய்து பார்க்கலாமா?

கேள்வி: காட்டு ஐரிஸ் கிழங்கின் சாறு பக்டீரியாவையும் புற்றுநோய்க் கலங்களையும் அழிக்கிறது என்று ஒரு ஆய்வுக் கட்டுரையில் வாசித்தேன். வந்தாறுமூலை கம்பஸில் இறுதியாண்டு படிக்கிறேன். அதே ஆய்வை இங்கே செய்யலாமா?

செய்முறையை எடுக்கலாம், செடியை எடுக்க முடியாது. ஐரிஸ் வட அரைக்கோளத்து மிதவெப்ப நாடுகளின் செடி. நம் பக்கத்துக் காடுகளில் இல்லை. ஒன்லைனில் காய்ந்த துண்டு வாங்கிச் செய்தால், எந்த இனம், எங்கே எப்போது கிண்டியது என்ற முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

ஐரிஸ் கிழங்கில் அதிகம் ஆராயப்பட்டவை ஐசோபிளேவோன்கள் என்ற பிளேவனொயிட்டு வகைப் பொருள்கள்: இரிஜெனின், டெக்டோரிஜெனின் போன்றவை. சீன மருத்துவத்தில் தொண்டை நோய்க்குக் கொடுக்கும் ஐரிஸ் டொமெஸ்டிகாவிலும் இவை உண்டு. வாசனைத் திரவியத்துக்குப் போகும் ஐரோன்கள் மட்டும் வேறு கதை. புதுக் கிழங்கில் அவை அனேகமாக இல்லை; காயவைத்து மூன்று வருடமளவில் வைத்திருக்க, கிழங்கிலுள்ள இரிடல்கள் என்ற பொருள்கள் ஒட்சியேறித்தான் உருவாகின்றன. எனவே எந்தக் கிழங்கானாலும் கிண்டிய நாளையும் அரைத்த நாளையும் குறித்து வையுங்கள்.

பதிலாக வசம்பை எடுங்கள். ஐரிஸ் குடும்பம் இல்லை, ஆனால் இலை அதே வாள் வடிவம், கிழங்கும் அதேபோல மண்ணில் படுத்துக் கிடக்கும். பூ இல்லாத நேரம் மஞ்சள் ஐரிஸையும் வசம்பையும் மாறிப் பிடுங்கிவிடுவார்கள். முறித்து மணந்தால் வசம்பு காரமாக மணக்கும், ஐரிஸ் மணக்காது. மருந்துச் சரக்குக் கடையில் விற்பது வேண்டாம்; வயதும் தெரியாது, ஊரும் தெரியாது. முழுச் செடியாக எடுத்து, ஒன்றைப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்தி, தாளைத் தினமும் மாற்றிக் காயவைத்து, பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் இனத்தை உறுதி செய்யுங்கள். உலர்தாவர மாதிரியின் எண் இல்லாத ஆய்வை நான் வாசிக்கவே மாட்டேன். வனப் பகுதியிலிருந்து எடுப்பதானால் முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

நம் ஊரில் அதிகம் கெடுவது காயவைப்பதில்தான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரி ஈரத்தில், நிழலில் பரப்பிய கிழங்கு நடுவில் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே தெரியாது; முறித்தால் சாம்பல் நிறப் புள்ளி இருக்கும். அந்தப் பூஞ்சணம் தானே பக்டீரியாவைக் கொல்லும் பொருளை விடலாம், நீங்கள் அதை வசம்பின் குணம் என்று எழுதிவிடுவீர்கள். கழுவி, 3 முதல் 5 மில்லிமீற்றர் வில்லைகளாக வெட்டி, 40 பாகை செல்சியஸ் அவணில், நிறை மாறாமல் நிற்கும் வரை வையுங்கள். 50 பாகையைத் தாண்டினால் ஆவியாகும் எண்ணெய் போய்விடும்.

50 கிராம் தூளுக்கு 500 மில்லிலீற்றர் 80 வீத மெதனோல், 48 மணித்தியாலம் குலுக்கல், வடிகட்டல், பிறகு 40 பாகையில் சுழல் ஆவியாக்கி. சாற்றைக் கபிலநிறப் போத்தலில் 4 பாகையில் வையுங்கள்.

ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலை அளக்கும் டிபிபிஎச் சோதனை மலிவு. 100 மில்லிலீற்றர் மெதனோலில் 3.94 மில்லிகிராம் டிபிபிஎச் கரைத்தால் 0.1 மில்லிமோலார். இருட்டில் 30 நிமிடம் வைத்து, 517 நனோமீற்றரில் அளக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு அஸ்கோர்பிக் அமிலம். சாற்றின் சொந்த நிறமும் அதே அலைநீளத்தில் உறிஞ்சும். ஆகவே டிபிபிஎச் இல்லாத சாறு மட்டும் கொண்ட வெற்று ஒன்றை ஒவ்வொரு செறிவுக்கும் வைக்காவிட்டால் எண்கள் பொய். ஐரிஸ் கட்டுரைகளைப் பார்த்து அலுமினியம் குளோரைட்டு முறையில் 415 நனோமீற்றரில் பிளேவனொயிட்டு அளப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அது ஐசோபிளேவோன்களைக் குறைத்தே காட்டும்.

பக்டீரியாவுக்கு முல்லர் ஹின்ரன் ஏகார் என்ற வளர்ப்பு ஊடகம் 4 மில்லிமீற்றர் தடிப்பில், 6 மில்லிமீற்றர் குழி, 37 பாகையில் 18 முதல் 24 மணித்தியாலம். குழியின் அடியில் ஒரு துளி உருகிய ஏகார் விடாவிட்டால் சாறு கீழால் ஒழுகி, பக்டீரியா வளராத வட்டம் கோணலாக வரும். சாற்றைக் கரைக்க டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை எடுத்தால், அதை மட்டும் விட்ட குழியும் கட்டாயம் வேண்டும். எண்ணெய்த் தன்மையான சாறு ஏகாரில் ஊறாது. வட்டம் சிறிதென்பதால் பலனில்லை என்று முடிவு கட்டாமல், திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவையும் பாருங்கள்.

புற்றுநோய் விடயத்துக்கு வருவோம். பாதிக் கலங்களைத் தடுக்கும் செறிவு எவ்வளவு என்று முதலில் தேடுங்கள். முழுச் சாற்றுக்கு மில்லிலீற்றருக்கு 30 மைக்ரோகிராமுக்குள் வந்தால்தான் மேலே போக வேண்டிய விடயம். 500 மைக்ரோகிராமில் கலம் செத்தது என்றால், அந்தச் செறிவில் கறிச்சரக்குகள் பலவும் கொல்லும். சாதாரணக் கலங்களிலும் சோதித்தார்களா என்பதையும் பாருங்கள். சோதிக்காவிட்டால் அது மருந்தா நஞ்சா என்று யாராலும் சொல்ல முடியாது.

வசம்பில் நஞ்சுப் பக்கம் நிச்சயமாக உண்டு. அதிலுள்ள பீற்றா அசரோன் எலிகளில் கட்டி உண்டாக்கியதால் அமெரிக்கா 1968 இல் உணவில் வசம்பைத் தடை செய்தது. அதனால், "குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கலாம்" என்று முடிவுரையில் எழுத வேண்டாம். அசரோன் இருக்கிறதா என்று மென்படை நிறப்பகுப்பில் பார்க்கலாம்: தொலுயீன் 93, எதைல் அசற்றேற்று 7 பங்கு, பக்கத்தில் ஒப்பிட அசரோன் நியமப் பொருள் ஒன்று, கடைசியில் வனிலின் சல்பூரிக் அமிலம் தெளித்துச் சூடாக்கல். அசரோனின் அல்பா, பீற்றா வடிவங்கள் அதில் சரியாகப் பிரியாது. அறிக்கையில் அசரோன் என்று மட்டும் எழுதுங்கள். பிரித்துச் சொல்ல வாயு நிறப்பகுப்பு வசதியுள்ள ஆய்வுகூடத்துக்கு மாதிரியை அனுப்ப வேண்டும்.