பிள்ளையை யார், எப்போது பார்ப்பது: வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்குகிறது, அதனால் இந்த முறை பெட்டி நிறைய, பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளையைப் பற்றி எழுதிய ஒரே வகைக் கடிதங்கள். எல்லோரிடமும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான். நீதிமன்ற உத்தரவு நகல் கையில் இருக்கிறதா, அதை முழுசாகப் படித்தீர்களா?

மகனுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. அதன் பிறகு கஸ்டடி, அதாவது அவனை என்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை, தானாக எனக்கு வந்துவிடும்தானே? (ஒரு அப்பா, சேலம்)

வராது. 1956ஆம் வருட இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கவேண்டும் என்கிறது, அவ்வளவுதான். ஐந்து முடிந்ததும் அப்பாவிடம் ஒப்படை என்று எங்கும் இல்லை. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவைப் படியுங்கள், பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல். மனு போட்டு, உங்களிடம் இருப்பது ஏன் அவனுக்கு நல்லது என்று காட்டவேண்டும். பள்ளி வாசலில் போய்க் கூட்டிவந்துவிடலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், உங்கள் வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

நாலு மாதமாக ஜீவனாம்சம் வரவில்லை. பணம் வரும்வரை பிள்ளையைக் காட்டாமல் இருக்கலாமா? (மதுரை)

கூடாது. பாக்கிக்கு நிறைவேற்று மனு, அதாவது உத்தரவைச் செயல்படுத்தச் சொல்லும் மனு போடுங்கள், அது தனி வழி. அப்பாவைப் பார்ப்பது பிள்ளைக்கு உரியது, அதைப் பணத்துக்கு ஈடாக வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. "பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணத்தை நிறுத்திவிட்டேன்" என்று எழுதும் அப்பாக்களுக்கும் இதே பதில்தான்.

நான் சென்னையில், மனைவியும் மகளும் இரண்டு வருடமாகத் தூத்துக்குடியில். கஸ்டடி மனுவை எங்கே போடுவது?

தூத்துக்குடியில். 1890ஆம் வருடக் காப்பாளர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றம்தான்.

சமரச ஒப்பந்தத்தில் "இருவருக்கும் வசதியான நேரத்தில் தந்தை குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்கிறது. ஆறு மாதமாக அவர்களுக்கு வசதிப்படவே இல்லை. (கோவை)

இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். பரஸ்பர சம்மத விவாகரத்து மனுக்களை எடுத்துப் பாருங்கள், வெள்ளிக் குத்துவிளக்கு எத்தனை, சீர் பாத்திரம் யாருக்கு, ஃபிரிட்ஜ் யாருக்கு என்று ரெண்டு பக்கம் இருக்கும், பிள்ளைக்கு ஒரே ஒரு வரி. சேர்ந்து நேரம் குறிக்க முடிந்தவர்களாக இருந்தால் நீதிமன்றத்துக்கே வந்திருக்கமாட்டார்கள் என்பது அதை எழுதிய வக்கீலுக்குத் தெரியாதா? நாளைக்கு நிறைவேற்று மனு போட்டால், எதை நிறைவேற்றச் சொல்வது? நாளும் இல்லை, மணியும் இல்லை, இடமும் இல்லை.

ஒரு குடும்பநல நீதிமன்றத்தில், பிள்ளைகளைப் பார்க்க ஒதுக்கிய அறையில் நானே கண்டது. எட்டு வயசுப் பையன் அப்பாவிடம் காட்டக் கணக்கு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான். பத்து மணிக்கா பதினொன்றுக்கா, யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று பெரியவர்கள் பேசியே முக்கால் மணி நேரம் போய்விட்டது. நோட்டைத் திறக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

அதனால் எழுதி வாங்குங்கள். மாதத்தில் எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கே, யார் கொண்டுவந்து விடுவது, யார் திரும்ப அழைத்துப் போவது, காய்ச்சல் என்றால் அந்த நாளுக்குப் பதில் எந்த நாள், தீபாவளி இந்த வருடம் யாரிடம், பொங்கல் யாரிடம், கோடை விடுமுறையில் எந்தப் பாதி, எல்லாம். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவில், விவாகரத்து ஆன பிறகும் பிள்ளை பற்றிய உத்தரவை மாற்றக் கேட்டு மனு போடலாம். விடுமுறைக்கு முன்பே போடுங்கள், மே மாதம் வந்த பிறகு ஓடாதீர்கள்.

ஒன்பது வயது மகள் என்னோடுதான் இருப்பேன் என்கிறாள். அது போதாதா?

போதாது, ஆனால் கணக்கில் வரும். யோசித்துச் சொல்லும் வயது என்றால் நீதிபதி அவள் விருப்பத்தைக் கேட்கலாம், பெரும்பாலும் தன் அறையில் தனியாக. சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ஒன்பது வயதுப் பெண் "அப்பாவால் எனக்கு மன உளைச்சல்" என்று ஆரம்பித்தால் அது யாருடைய பேச்சு என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம், அந்த வார்த்தையைச் சொன்ன பாரம் அவளோடுதான் இருக்கும், உங்களோடு அல்ல.

கணவர் அமெரிக்காவில். அடிக்கடி வீடியோ காலில் மகனோடு பேசவேண்டும் என்கிறார். சம்மதிக்க வேண்டுமா?

சம்மதியுங்கள். 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் வேறு வேறு நாட்டில் இருந்தால் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பேசவிட வேண்டும் என்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறது. இதையும் எழுதி வாங்குங்கள், "இந்திய நேரம் இரவு 7.30" என்று. பத்துப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசத்தில் பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

மகன் துபாயில் இருக்கிறான். அவனுடைய முறைக்கு நாங்கள் போய்ப் பேத்தியைப் பார்க்கலாமா? (ஒரு தாத்தா)

உத்தரவில் உங்கள் பெயர் இருந்தால் தாராளமாக. இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி மகனை மனு போடச் சொல்லுங்கள் ஐயா.

சார், என் கேஸ் ஜெயிக்குமா? அவசரம்.

பிள்ளையின் வயது எழுதவில்லை, உத்தரவு இடைக்காலமா இறுதியா எழுதவில்லை, பிள்ளை இப்போது யாரிடம் என்றுகூட இல்லை. எதை வைத்து நான் சொல்வது? வக்கீல் வைக்க வசதி இல்லை என்று கடைசியில் போட்டிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் பதில். 15100க்குப் போன் செய்யுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் கேட்கலாம். மற்றவற்றுக்கு, நகலைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.