தானாகப் பூக்கும் கஞ்சா விதையை எங்கே ஊன்றுவது?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கிறேன். தானாகப் பூக்கும் கஞ்சா விதையைச் சிறு தொட்டியில் முளைக்கவைத்துப் பிறகு தோட்டத்துக்கு மாற்றலாமா?

பதில்: மாற்றாதிருப்பதே நல்லது. ருடராலிஸ் என்னும் கஞ்சா வகையின் வழிவந்த இச்செடி, பகலின் நீளத்தைப் பாராமல், முளைத்த சில வாரங்களிலேயே பூக்கத் தொடங்கிவிடுவதால், இடம் மாற்றும்போது வேர் அறுபட்டு வளர்ச்சி தடைப்படும் நாட்களை ஈடுசெய்ய அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே, உறைபனி அச்சம் நீங்கியபின், தென் ஒன்ராறியோவில் பெரும்பாலும் மே இறுதியில், நீர் தேங்காத, உரம் மிகாத மண்ணில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாக ஊன்றுங்கள். நத்தைகள் இளநாற்றை ஒரே இரவில் தின்றுவிடும். முதல் இரு வாரங்கள் கட்டாயம் காவல் வேண்டும். 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி 19 வயது நிரம்பியோர் வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். அண்டை மாகாணமான கியூபெக்கில் அந்த அனுமதி இல்லை.