ஆளில்லாத கடலும் ஆறு வயதுப் பையனும்

கேள்வி: ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு மூன்று நாள் புதுச்சேரி போகிறோம். ஒயிட் டவுனில் அறை போட்டாயிற்று. கூட்டமில்லாத, பிள்ளைகள் (ஒன்பது வயதுப் பெண், ஆறு வயதுப் பையன்) இறங்கிக் குளிக்கக்கூடிய, அறையிலிருந்து நடந்தே போகக்கூடிய பீச் ஒன்று சொல்லுங்கள். தயவுசெய்து ராக் பீச்சைச் சொல்லிவிடாதீர்கள், அங்கே வெறும் கல்தான். செரினிட்டி பீச் அருமை என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். என் கணவர் காலிங்கராயன் வாய்க்காலில் நீச்சல் பழகியவர், அதனால் பயமில்லை.
– வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: மூன்று நிபந்தனை போட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றாகக் கூடிவரும் கடற்கரை புதுச்சேரியில் கிடையாது. நடக்கிற தூரத்தில் இருப்பது குளிக்கிற கடல் இல்லை. குளிக்கத் தோதான இடத்துக்கு உங்களைப் போலவே நாலு பேர் வந்திருப்பார்கள். ஆளே இல்லாத இடம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது, ஆனால் அங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் விடக் கூடாது. ஆகவே எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். என்னைக் கேட்டால் 'கூட்டமில்லாத' என்பதைத்தான் முதலில் அடித்துவிடுவேன். கடலில் ஒருவர் தடுமாறும்போது ஓடி வர ஆள் வேண்டும். வீடியோவில் அழகாகத் தெரிகிற ஆளில்லாத கரையில் கத்தினாலும் அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

அந்தக் கல்லுக்காகவும் கொஞ்சம் பரிந்து பேசிவிடுகிறேன். ராக் பீச் பிறக்கும்போதே கல்லாகப் பிறக்கவில்லை. நகரத்துக்கு முன்னால் மணல் கிடந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறும். வரவு செலவு போட்டுப் பார்த்தால் மணல் போவது வடக்கேதான். 1980களின் பிற்பாதியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வந்துகொண்டிருந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. வடக்கே நகரத்தின் பக்கம் வரவு நின்றது, செலவு மட்டும் தொடர்ந்தது. கடல் சாலையைத் தொட்டுவிடாமல் இருக்கக் கொட்டியதுதான் நீங்கள் வெறுக்கிற கல். 2018இல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தண்ணீருக்கடியில் எஃகுக் கட்டமைப்பு ஒன்றை இறக்கிய பிறகு, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் பிள்ளைகள் இறங்கத் துடிப்பார்கள். விடாதீர்கள். பக்கத்திலேயே பாறாங்கல், அலை புரட்டினால் அதன்மேல்தான் போய் மோத வேண்டும்.

ஆனால் நடப்பதற்கு அதைவிட நல்ல கடற்கரை அந்த ஊரில் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். பையனை ஓட விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாக உட்காரலாம். காந்தி சிலை, அதன் எதிர்ப்பக்கம் 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், கல்லில் அறைகிற அலை, கையில் சுண்டல். விடிகாலையில் இன்னொரு தடவை போங்கள், சூரியன் கடலிலிருந்து எழும். (சாயங்காலம் கடலில் சூரியன் மறைகிற படம் எடுக்கப் போய் ஏமாந்து திரும்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது கிழக்குக் கரை, ஐயா!) நடக்கிற தூரம் என்ற உங்கள் ஆசைக்கு இதுதான் பதில்.

செரினிட்டிக்கு வருவோம். முதலில் அது புதுச்சேரியே இல்லை. கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பம், தமிழ்நாட்டு விழுப்புரம் மாவட்டம். துறைமுகச் சுவர் மறித்த மணலுக்கு அந்தப் பக்கமும் விலை கொடுத்தது. நகரத்துக்கு முன்னால் கல்லைப் போட்டதும் அரிப்பு நிற்கவில்லை, வடக்கே நகர்ந்தது. சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு குப்பமாகக் கரையை இழந்தது. நமக்குப் போனது ஒரு பீச். அங்கே இருப்பவர்களுக்குப் படகை ஏற்றி வைக்கவும் வலையைக் காயப்போடவும் இருந்த இடம் போனது, சிலருக்கு வீடே போனது. ஆகவே அந்தப் பக்கத்து பீச் வீடியோ எதைப் பார்த்தாலும் எந்த வருஷம் எடுத்தது என்று பாருங்கள். அதில் தெரிகிற மணல் இப்போது இல்லாமல் இருக்கலாம். செரினிட்டியில் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டியிருக்கிறார்கள். இப்படிக் கல் நீண்டிருக்கும் இடத்தில் அதன் ஓரமாகவே தண்ணீர் கடலுக்குள் இழுக்கும். அலைச்சறுக்குக்காரர்கள் அங்கே பலகையோடு வருகிறார்கள் என்பதையும் வீடியோவில் பார்த்திருப்பீர்களே? அவர்களுக்குப் பிடித்த கடல் உங்கள் பையனுக்கு ஆகாது.

இப்போது உங்கள் கணவர். வாய்க்கால் நீச்சலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஒரே பக்கம் போகும், இரண்டு பக்கமும் கரை இருக்கும். கடலில் அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல் மேடுகளுக்கு நடுவே பள்ளமான தடம் கிடைத்தால் எல்லாத் தண்ணீரும் அது வழியே ஓடும். மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். அவர்கள் அதைக் கண்ணாலேயே படித்துவிடுவார்கள், நம்மால் முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், அந்தத் தடத்தின் மேல் அலை அவ்வளவாக உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் தண்ணீர் அடர்நிறமாக, அமைதியாக இருக்கும். 'இங்கே அலை இல்லை, இங்கேயே இறங்கலாம்' என்று குடும்பமே தேடிப் போவது அந்த இடத்துக்குத்தான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. எவ்வளவு பலசாலியானாலும் சீக்கிரம் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவரைவிட, தெரியும் என்ற தைரியத்தில் ஆழத்துக்குப் போகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சரி, பிள்ளைகள் எங்கேதான் குளிப்பது? சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் பீச். நகரத்துக்குத் தெற்கே, கடலூர் சாலையில் போய் அரியாங்குப்பம் பக்கம் கடலை நோக்கித் திரும்ப வேண்டும். நடக்க முடியாது, ஆட்டோதான். துறைமுகச் சுவருக்குத் தெற்கே இருப்பதால் அங்கே மணல் இருக்கிறது (மேலே சொன்ன கணக்குதான்). 2021இல் சென்னைக்கு அருகே உள்ள கோவளத்தோடு சேர்த்து இதற்கும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீரின் தரம், உயிர்காப்பாளர், கழிப்பறை என்று பார்த்து டென்மார்க்கைச் சேர்ந்த அமைப்பு கொடுப்பது. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும் சான்று இல்லை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஆகவே போனதும் கொடி பறக்கிறதா, உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, குளிக்க என்று குறித்துவிட்ட எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். விசில் ஊதினால் வெளியே வந்துவிட வேண்டும், வாதாடக் கூடாது. பையனுக்கு முழங்கால் அளவு தண்ணீர் போதும், அவன் கை எப்போதும் ஒருவர் கையில் இருக்கட்டும்.

சுண்ணாம்பாறு படகுத் துறையிலிருந்து படகேறிப் போகிற பாரடைஸ் பீச்சையும் யாராவது சொல்வார்கள். போங்கள், ஆற்றில் படகுப் பயணம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மணலில் வீடு கட்டட்டும். அங்கே அலை முரடு, குளியல் வேண்டாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி கடைசி என்றீர்கள். 26ஆம் தேதி விடுமுறை வார இறுதியை ஒட்டி வந்தால் நீங்கள் தலையைத்தான் பார்ப்பீர்கள், கடலை அல்ல. முடிந்தால் அதைத் தாண்டி, செவ்வாய் புதனாகப் பார்த்துப் போங்கள். காலை எட்டு மணிக்கு ஈடனில் இருந்தால் கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு. உங்கள் முதல் நிபந்தனையில் பாதியாவது தேறிவிடும்.

கணவருக்கு ஆசை தீர நீந்தியே ஆக வேண்டும் என்றால், ஈரோடு திரும்பியதும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தால்.