நான்கு நாய்களோடு டொராண்டோ வரலாமா?

வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, எங்களுக்குக் கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி (பிஆர்) வந்துவிட்டது. வீட்டில் நான்கு நாட்டு நாய்கள். நான்கையும் தெருவிலிருந்து எடுத்து வளர்த்தோம். டொராண்டோவில் வீட்டுக்கு மூன்று நாய்க்கு மேல் கூடாதாமே, உண்மையா? ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வர எங்களால் முடியாது. அந்த ஊரில் இதை யாரும் எதிர்க்கவில்லையா?"

உண்மைதான் தம்பி. டொராண்டோ மாநகராட்சி விதிப்படி ஒரு வீட்டில் நாய் மூன்றுக்கு மேல் கூடாது. நாய், பூனை, முயல் எல்லாம் சேர்ந்து ஆறுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இது டொராண்டோவின் விதி, கனடாவின் விதி இல்லை. அங்கே ஒவ்வொரு ஊராட்சியும் தனக்கென்று ஒரு பைலா, அதாவது உள்ளூர் விதி, வைத்திருக்கிறது. பக்கத்து ஊரில் எண் மாறும், கணக்கிடும் முறையும் மாறும். அதனால் வீடு பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊரின் பைலாவைப் படியுங்கள். எதிர்க்கிறார்களா என்று கேட்டீர்களே, எதிர்க்கிறோம். நானே போய்ப் பேசியிருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

முதலில் வீட்டு விஷயம், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதில்தான் குழம்புகிறார்கள். ஒன்டாரியோவின் வாடகைச் சட்டத்தில் 14வது பிரிவு, 'செல்லப் பிராணி கூடாது' என்று லீஸில் எழுதினாலும் அது செல்லாது என்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு நாய் வைத்திருக்கிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. குரைப்பு, சேதம், பக்கத்து வீட்டாருக்குக் கடுமையான அலர்ஜி என்று வந்தால் அது வேறு கதை. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் "நாய் இருந்தால் வீடு தரமாட்டேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடலாம், அதைத் தடுக்க வழியில்லை. கான்டோ, அதாவது தனித்தனி உரிமையாளர்கள் உள்ள அடுக்குமாடிக் கட்டடம் என்றால் அதன் சொந்த விதிகள் தனி. எத்தனை நாய், எவ்வளவு எடை என்றுகூட எழுதி வைத்திருப்பார்கள். நான்கு நாய்களோடு வருபவர் கான்டோ பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இந்த எண் வரம்பு தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் எதனால் வருகிறது? நாய் ராத்திரி முழுக்கக் குரைத்தால், கழிவை அள்ளாமல் விட்டால், கடித்தால், சோறு தண்ணீர் இல்லாமல் கொல்லைப்புறத்தில் கட்டிப்போட்டிருந்தால். இவை ஒவ்வொன்றுக்கும் அங்கே ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. ஓயாத குரைப்புக்கு இரைச்சல் பைலா உண்டு, கழிவை அள்ளாவிட்டால் அபராதம் உண்டு. நாய் கடித்தால் உரிமையாளரே பொறுப்பு என்று ஒன்டாரியோவில் தனிச்சட்டமே இருக்கிறது. கொடுமைக்கும் பராமரிப்பின்மைக்கும் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாகாண விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. தவறு செய்தவரைப் பிடிக்க இத்தனை வழி இருக்கும்போது எண் வரம்பு யாரைப் பிடிக்கிறது? நான்கு கிழட்டு நாய்களை நல்லபடியாக வைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு தராமல் வாழ்பவரைத்தான். ஒரே ஒரு நாயைப் பனியில் கட்டிப்போட்டு அது நாள் முழுக்க ஊளையிடும்படி விட்டவர் அந்த விதியின் கண்ணில் படவே மாட்டார்.

இன்னொன்று, சென்னைக்காரர்களுக்குச் சட்டென்று உறைக்காதது. இப்போது நங்கநல்லூரில் அம்மா வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். எதிரே இஸ்திரி வண்டிக்கு அடியில் ஒரு செவலை நாய் படுத்திருக்கிறது. காது நுனியில் சின்ன வெட்டு, அதாவது கருத்தடை செய்தாகிவிட்டது. காலையில் அதற்கு பிஸ்கட் போடுவது இஸ்திரிக்காரர், மதியம் மாடிவீட்டு மாமி தயிர்சாதம் வைக்கிறார், தடுப்பூசிக்குப் பிடித்துக் கொடுத்தது மூன்றாவது வீட்டுப் பெண். அது யார் வீட்டு நாய் என்று யாரும் கேட்பதில்லை. டொராண்டோவில் அப்படி ஒரு நாயே கிடையாது. அங்கே நாய் என்றால் ஒரு வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் காப்பகத்தில் இருக்க வேண்டும். வீட்டில் நான்காவது கூடாது என்று விரட்டினால் அந்த நான்காவது போகுமிடம் காப்பகம்தான். காப்பகத்திலிருந்து வயதான நாய்களையும் நோயாளி நாய்களையும் சில வாரங்களுக்கு வீட்டில் வைத்துத் தேற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வரம்பு முதலில் கட்டிப்போடுவது அவர்கள் கையைத்தான்.

கால்கரியைப் பாருங்கள். நீண்ட காலம் அந்த ஊரில் எண் வரம்பே இல்லை. லைசென்ஸ் எடு, மைக்ரோசிப் போடு, உன் பிராணி செய்வதற்கு நீயே பொறுப்பு என்ற முறையில் நடத்தினார்கள். அதற்காக வட அமெரிக்கா முழுக்கப் பெயர் வாங்கிய ஊர் அது. 2022 ஜனவரியில்தான் நாய் ஆறு, பூனை ஆறு என்று வரம்பு கொண்டுவந்தார்கள். அதிலும் கூடுதலாக வைத்திருக்க விண்ணப்பிக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். எனக்கு அந்த ஆறும் பிடிக்கவில்லை, ஆனாலும் விண்ணப்பிக்க வழி இருப்பது பெரிய விஷயம்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். டொராண்டோவுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். நாய்கள் அதிகமாகிவிட்டன என்று புகார் வந்ததாகச் சொல்லி, வீட்டுக்கு இரண்டு நாய் என்று குறைக்க ஒரு வரைவு வந்தது. எங்களிடம் இரண்டுதான் இருந்தன, எங்களுக்குப் பாதிப்பில்லை. ஆனால் எதிர்வீட்டு இத்தாலிய அம்மாவிடம் மூன்று. கணவர் இறந்த பிறகு அவருக்குத் துணை அவைதான். ஏற்கெனவே இருக்கும் நாய்களுக்கு விலக்கு உண்டா என்று அந்த வரைவில் ஒரு வரிகூட இல்லை.

நாங்கள் முதலில் செய்தது கத்துவதில்லை, கேட்பது. அங்கே ஊராட்சிகளுக்கும் தகவல் அறியும் சட்டம் உண்டு, விண்ணப்பக் கட்டணம் 5 டாலர். நாய்கள் பற்றி வந்த புகார்களின் பட்டியலைக் கேட்டு வாங்கினோம். பெயர்களை மறைத்துத்தான் தந்தார்கள், ஆனால் புகாரின் தன்மை இருந்தது. படித்தால், பெரும்பாலானவை ஒரே நாய் வளர்க்கும் வீடுகளைப் பற்றியவை. கயிறில்லாமல் விட்டது, கழிவை அள்ளாதது, குரைப்பு. பல நாய்கள் இருக்கும் வீட்டைப் பற்றிய புகார்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தாள்களை நகல் எடுத்து ஒவ்வொரு கவுன்சிலருக்கும் கொடுத்தோம்.

அப்புறம் பேச்சு. கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பெயர் பதிந்துகொண்டு பேசலாம், டெபுடேஷன் என்பார்கள். எங்கள் ஊரில் ஐந்து நிமிடம். மேசையில் சின்ன விளக்கு மஞ்சளாக மாறினால் ஒரு நிமிடம் பாக்கி, சிவப்பானால் நிறுத்த வேண்டும். அந்த இத்தாலிய அம்மா எழுதி வைத்த தாளைப் பார்க்கவே இல்லை. மூன்று நாய்களின் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டு, "இதில் எதை அனுப்ப வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு கவுன்சிலரும் வாய் திறக்கவில்லை. வரைவை அதிகாரிகளிடமே திருப்பி அனுப்பினார்கள். பழைய எண்ணிக்கையே நீடித்தது, கயிறு, கழிவு விஷயங்களில் அபராதத்தைக் கூட்டினார்கள். அதைத்தான் நாங்களும் கேட்டிருந்தோம்.

உங்களுக்கு முக்கியமான செய்தி இது: பிஆர் இருப்பவர் அங்கே ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியாது, குடியுரிமை வேண்டும். ஆனால் கவுன்சிலில் போய்ப் பேச முடியும். பேச வருபவரிடம் பாஸ்போர்ட் என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. வந்து இறங்கிய நாமெல்லாம் வாயைத் திறக்கலாமா என்று ஒதுங்கி நிற்காதீர்கள். நம் ஆட்கள் இதில் ரொம்பவே ஒதுங்குகிறார்கள், அது எனக்கு வருத்தம்.

நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். நேரமும் பணமும் போகும், வெற்றி அபூர்வம். அமெரிக்காவில் மினசோட்டாவின் சாக் ராப்பிட்ஸ் என்ற ஊரில் வீட்டுக்கு இரண்டு நாய் என்ற விதியை எதிர்த்துப் போனார்கள். கீழ் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது, 1997ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. விதி எழுதப்படும் கூட்டத்துக்கே போய்விடுவதுதான் பலன் தரும்.

நாமும் இதற்குப் புதியவர்கள் இல்லை. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960ல் வந்ததற்கு ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் போராடியதுதான் காரணம். அதன்படி 1962ல் அமைந்த விலங்கு நல வாரியம் பல ஆண்டுகள் சென்னையில்தான் இயங்கியது. நாய்களைக் கொன்று குறைக்கலாம் என்று நம் மாநகராட்சி நெடுங்காலம் முயன்றது. கருத்தடைதான் வழி என்று விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் 1964ல் தொடங்கியதை, 1996ல் மாநகராட்சியும் ஏற்றுக்கொண்டது. இன்று அபார்ட்மென்ட் அசோசியேஷன்கள் 'நாய் கூடாது' என்று தீர்மானம் போட்டால், பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் அது செல்லாது என்று வாரியம் 2015ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அங்கே போய்ப் பேச உங்களுக்கு விஷயம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான்காவது நாயை ஒளித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு நாய்க்கும் ஆண்டுதோறும் லைசென்ஸ் உண்டு, ஒளித்து வைத்ததற்கு எடுக்க முடியாது. கனடா தினத்தன்று வாணவெடிக்குப் பயந்து அது ஓடிவிட்டால், காப்பகத்தில் போய் "என் நாய்" என்று சொல்லவே தயங்குவீர்கள். விதியை எதிர்த்துப் பேசப் போகிறவர் விதிப்படி இருப்பது அவசியம். அதனால் நான்கு நாய்களை ஏற்கும் ஊரில் வீடு பாருங்கள். வேலைக்குக் கொஞ்சம் தூரமானாலும் பரவாயில்லை.

ஒன்றை இப்போதைக்கு இங்கேயே விட்டுவிட்டு, பிறகு யார் மூலமாவது தத்து நாயாக வரவழைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளிலிருந்து விற்பனைக்கும் தத்துக்கும் நாய் கொண்டுவருவதை 2022 செப்டம்பர் 28 முதல் கனடா நிறுத்திவிட்டது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. சொந்த நாயாக, நீங்கள் கூடவே அழைத்து வருவதற்குத் தடையில்லை. ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும், நான்கு நாய்க்கும் மைக்ரோசிப் எண் அதில் தெளிவாக எழுதியிருக்கட்டும். ஏற்றுமதிச் சான்றிதழுக்குப் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தும் நிலையத்துக்குப் போக வேண்டும், உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். ஒரே விமானத்தில் நான்கையும் ஏற்றமாட்டேன் என்று விமான நிறுவனம் சொல்லக்கூடும். டிக்கெட் போடும் முன்பே பேசி, ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். கோடையில் சூட்டைக் காரணம் காட்டி மறுப்பார்கள், அதனால் அக்டோபர் போல் கிளம்பப் பாருங்கள்.

வேலை எந்த ஊரில் என்று உறுதியானதும் எழுதுங்கள். சுற்றியுள்ள ஊர்களின் பைலாக்களைச் சேர்ந்தே படித்துவிடலாம்.