முதுகில் அறுந்து நின்ற எபிடியூரல் கதீட்டர்: கேள்வி பதில்

(வலி தெரியாமல் இருக்க மருந்து செலுத்துவதற்காக, முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே உள்ள எபிடியூரல் இடைவெளியில் வைக்கும் மெல்லிய குழாய்தான் இது.)

காரைக்குடி, ஸ்டாஃப் நர்ஸ்: டாக்டர், கதீட்டரை எடுக்கும்போது ரப்பர் மாதிரி நீளுது. இன்னும் கொஞ்சம் இழுக்கலாமா?

வேண்டாம் சிஸ்டர். நீளத் தொடங்கியதுமே நிறுத்திவிடுங்கள். மெலிந்த இடத்தில்தான் அறும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்லுங்கள். உட்காரவைத்துப் போட்டதென்றால் அப்படியே உட்காரவைத்தும் பாருங்கள். முதுகு நிமிர்ந்திருந்தால் எலும்பும் தசைநாரும் குழாயைக் கவ்விக்கொள்ளும், குனிந்தால் பிடி தளரும். தோலை ஒட்டிக் கையால் பிடித்து மெதுவாக, சீராக இழுங்கள். ஆர்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி வேண்டாம், அது நசுக்கிய இடத்திலேயே அறுந்துவிடும். காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலித்தால் குழாய் நரம்பைச் சுற்றியிருக்கலாம், உடனே நிறுத்துங்கள். மற்றபடி 15 முதல் 30 நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். அதற்கும் வராவிட்டால் மயக்க மருந்து டாக்டர் குழாய் வழியே சில மி.லி. நார்மல் சலைன் (உப்பு நீர்) செலுத்திப் பார்க்கட்டும். பிறகு சி.டி. ஸ்கேன்.

தேவகோட்டை, முதுகலை மாணவர்: சார், உள்ளேயே குழாயில் முடிச்சு விழுவது ஏன்?

நீளம் அதிகமாகத் தள்ளுவதால். எபிடியூரல் இடைவெளிக்குள் 3 முதல் 5 செ.மீ. போதும். தோலிலிருந்து 5 செ.மீ. ஆழத்தில் அந்த இடைவெளி கிடைத்தால், தோலருகே குழாயின் 9 செ.மீ. குறி நிற்கட்டும். இன்னொன்று: குழாய் ஊசி முனையைத் தாண்டிப் போன பிறகு, டூஹி ஊசியை (குழாயை உள்ளே செலுத்தும் ஊசி) உள்ளே வைத்துக்கொண்டு குழாயை மட்டும் பின்னால் இழுக்கவே கூடாது. வளைந்த முனை கத்திபோல அறுத்துவிடும். இரண்டையும் சேர்த்தே வெளியே எடுங்கள்.

திருப்பத்தூர், ஸ்டாஃப் நர்ஸ்: எவ்வளவு உள்ளே நின்றது என்று எப்படிச் சொல்வது?

வெளியே வந்ததை எறியாமல், அதே வகைப் புதுக் கதீட்டர் பக்கத்தில் வைத்துக் குறிகளை எண்ணுங்கள். ஸ்கேல் ஏமாற்றும், இழுபட்ட குழாய் நீண்டிருக்கும். முனை முழுசாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. எக்ஸ்ரேயில் மெல்லிய துண்டு தெரியாமல் போவதுண்டு, சி.டி.தான் நம்பகம். உள்ளே உலோகச் சுருள் உள்ள வகையா என்று உறையைப் பார்க்காமல் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பாதீர்கள்.

புதுவயல், ஸ்டாஃப் நர்ஸ்: தினம் எனாக்சாபெரின் 40 மி.கி. போகுது டாக்டர், எப்போ எடுக்கலாம்?

அது ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. அதனால் கடைசி ஊசியிலிருந்து 12 மணி நேரம் கழித்துக் கதீட்டரை எடுங்கள். எடுத்தபின் அடுத்த ஊசிக்கு 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பள்ளத்தூர், நோயாளியின் மகள்: எங்க ஆச்சிக்கு மூட்டு ஆபரேஷன். முதுகுல ரெண்டு செ.மீ. துண்டு நின்னுடுச்சாம். எடுக்காம வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே?

பயப்படாதீங்கம்மா. கிருமி நீக்கிய, உடம்போடு வினைபுரியாத பிளாஸ்டிக் அது. தொந்தரவு இல்லாத பெரியவர்களுக்கு அப்படியே விட்டுக் கவனிப்பதுதான் வழக்கம். அதைத் தேடி முதுகைத் திறப்பதில்தான் ஆபத்து கூடுதல். அவர்கள் மறைக்காமல் சொன்னதே பெரிய நல்லது. டிஸ்சார்ஜ் சம்மரியில் துண்டின் நீளமும் இருக்கும் இடமும் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இனி முதுகில் ஊசி போட நேர்ந்தாலும் ஸ்கேன் எடுத்தாலும் அதை முதலில் காட்டணும்.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் முதுகுவலி, காலுக்கு இறங்கும் வலி இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். நரம்பியல் அறுவைப் பிரிவுள்ள மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடத்துக்கு ராத்திரியே கிளம்புங்கள்.

தேவகோட்டை மாணவர் மறுபடியும்: அறுந்த நுனி தோலில் தெரிந்தால்?

நழுவாதபடி கிருமி நீக்கிய கிளாம்ப் போடுங்கள், இழுக்காதீர்கள். வெளியே நீட்டியிருக்கும் நுனி கிருமி உள்ளே போக வழி. இதை விட்டுவைக்கக் கூடாது, அறுவை நிபுணர் சின்னக் கீறலில் எடுத்துவிடுவார். தண்டுவட நீர் கசிந்தாலும், துண்டு தண்டுவட உறைக்குள் இருந்தாலும் நரம்பியல் அறுவை நிபுணரின் கருத்தை அன்றே கேளுங்கள்.