பழைய கொரோலா திக்குது, நம்ம ஊர் மெக்கானிக் உண்டான்னு கேட்ட கல்லிடைக்குறிச்சி தம்பிக்கு

தம்பி, நீ கேட்டது நாலு விஷயம். ஷார்ஜாவுல வாங்கின 2005 கொரோலா சிக்னல்ல நிக்கையில குலுங்குது, ஏசி போட்டா கூடத் திக்குது, செக் இன்ஜின் லைட் எரியுது, நம்ம ஊர்க்கார மெக்கானிக் யாரும் உண்டா? இல்ல வண்டியை வித்துரலாமா? குடும்ப விசாவுக்கு என்ன வழி? வாடகை எங்க கம்மி? விசாவை உன் கம்பெனியில விசா வேலை பாக்குற பி.ஆர்.ஓ. கிட்ட கேளு. வாடகை மாசத்துக்கு ஒண்ணு சொல்லுவான், அதுல என்னத்தச் சொல்ல. ஊர்க்கார மெக்கானிக் கதைக்குப் பொறவு வாரேன். வண்டியைப் பேசுவோம்.

அந்த மஞ்ச லைட் நின்னு எரியுதா, வெட்டி வெட்டி எரியுதா? நின்னு எரிஞ்சா ஆக்சிலேட்டரை மிதிக்காம பைய ஓட்டி வீடு சேரலாம். வெட்டுச்சுன்னா ஓரங்கட்டி நிறுத்திரு. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்ல போய் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள எரியுதுன்னு அர்த்தம். உள்ள இருக்க பீங்கான் உருகி அடைச்சிரும். பிளக்குக்கு கரண்ட் குடுக்குற ஒரு காயிலோட போக வேண்டிய செலவு கன்வெர்ட்டர் விலைக்கு ஏறும், பாசிங்ல, அதான் பதிவு புதுப்பிக்கிற சோதனையில, புகை டெஸ்ட்டும் போச்சு.

அடுத்தது, லைட் எரியுதுன்ன உடனே கராஜுக்கு ஓடாத. இன்டஸ்ட்ரியல் ஏரியாவுல பாதிப் பேர் வண்டிக் கம்ப்யூட்டர் காட்டுற பழுது எண்ணை, அதான் கோடை (code), படிச்சிட்டு நாலு காயில், நாலு பிளக், பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர் சர்வீஸ்னு ஒரே பில்லாப் போட்டுருவான். கெட்டது ஒண்ணாத்தான் இருக்கும். மாத்தின காயில் அசலா டூப்ளிகேட்டான்னும் உனக்குத் தெரியாது. அந்தக் கோடைப் படிக்க நீயே ஒரு ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் வாங்கு, ஸ்டீயரிங்குக்குக் கீழ செருகு. பி0301 முதல் பி0304 வரைக்கும் வந்தா கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 வந்தா ஒரே சிலிண்டர்னு சொல்ல முடியாதுன்னு அர்த்தம். முன்னால நின்னு பானெட்டுக்குள்ள பாத்தா உன் இடது கைப்பக்கம், பெல்ட் ஓடுற பக்கம் இருக்கது ஒண்ணாம் சிலிண்டர்.

பி0302ன்னு வச்சுக்கோ. இன்ஜின் நல்லா ஆறட்டும். ஹெட் அலுமினியம், சூட்டுல பிளக்கைத் திருகினா மரையும் சேந்து வந்துரும். பிளக் குழியில கெடக்க மண்ணை முதல்ல காத்தடிச்சு ஊதிரு, பாலைவனத்துல இதை விட்டா மண் நேரா சிலிண்டருக்குள்ள. 10 நம்பர் போல்ட் ஒண்ணைக் கழத்தினா காயில் கையோட வரும். ரெண்டாம் காயிலை மூணுல போடு, மூணை ரெண்டுல போடு. கோடை அழிச்சிட்டு ஏசி போட்டு ஓட்டு. ஆறின இன்ஜின்ல நல்லா ஓடி சூடானப் பொறவு விடுற காயில்தான் இங்க ஜாஸ்தி, அதனால அரைமணி நேரமாவது ஓட்டிப் பாரு. கோடு பி0303 ஆயிட்டுன்னா காயில் கெட்டது, சோலி முடிஞ்சுது. பி0302லயே நின்னா அடுத்து பிளக்கை அதே மாதிரி மாத்து. அதுக்கும் மாறலேன்னா இன்ஜெக்டர்.

கழத்தின பிளக்கை வெளிச்சத்துல பாரு. இளம் பழுப்பா இருந்தா நல்லது. காஞ்ச கரியா இருந்தா பெட்ரோல் கூடுதல். வெள்ளையாப் பொரிஞ்சிருந்தா பெட்ரோல் பத்தல, இல்ல சூடு. ஈரமா பெட்ரோல் வாடை அடிச்சா ஸ்பார்க் இல்ல. பீங்கான் மேல தலைமுடி கணக்கா மேலயிருந்து கீழ ஒரு கருப்புக் கோடு தெரிஞ்சா கரண்ட் அந்த வழியா ஒழுகுது. அதே கோடு காயிலோட ரப்பர் குழாய்க்குள்ளயும் இருக்கும். பிளக்கை மட்டும் மாத்தினா ரெண்டு மாசத்துல திரும்ப வரும். குழிக்குள்ள ஆயில் நின்னா டேப்பட் கவர் கேஸ்கட்டையும் சீலையும் மாத்து, அப்புறம்தான் காயில். புது பிளக்கோட கேப் 1.1 மி.மீ., கையால முழுசாத் திருகி, டார்க் ரெஞ்ச்ல வண்டி மேனுவல்ல போட்ட அளவுக்கு இறுக்கு. மரையில கிரீஸ் வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் வண்டி சிக்னல்ல டி-யில (டிரைவ்) நிக்கும்போது மட்டும் குலுங்கி, என்-ல (நியூட்ரல்) போட்டா அடங்கி, கோடும் இல்லேன்னா அது சிலிண்டர் எரியாம விடுற மிஸ்ஸிங்கே இல்ல, இன்ஜினைத் தாங்குற மவுண்ட்தான். மவுண்ட் போன வண்டிக்கு நாலு காயில் மாத்தினவங்க இங்க ரொம்பப் பேரு. எல்லாம் படிச்சவங்கதான்.

பி0300-உம், காத்துக்குப் பெட்ரோல் பத்தலன்னு சொல்ற பி0171-உம் சேந்து வந்தா எங்கேயோ ஏர் இழுக்குது. ஸ்கேனர்ல ஃப்யூயல் ட்ரிம் பாரு, கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது குறைக்குதுங்கிற கணக்கு அது. ஐடிலிங்ல +15, +20ன்னு நின்னு, 2500 ஆர்.பி.எம்.ல பூஜ்யத்துக்குப் பக்கம் இறங்கினா பி.சி.வி. ஹோஸ் (இன்ஜின் உள்புகையை இன்டேக்குக்குக் கொண்டு போறது), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் கேஸ்கட்னு தேடு. இந்த வெயில்ல ரப்பர் வறண்டு, வளைவுல உள்பக்கமா வெடிச்சிருக்கும், விரலால மடக்கினாத்தான் தெரியும். ஐடிலிங்ல சரியா இருந்து, ஏத்தத்துல திக்கினா பெட்ரோல் பிரஷர். பாபநாசத்துல இருந்து காரையாறு ஏறும்போது திக்குற வண்டிகளைப் பாத்திருப்பியே, அந்த ஜாதி. இந்தக் கொரோலாவுக்கு 44 முதல் 50 பி.எஸ்.ஐ. இருக்கணும். ஆக்டேன் பூஸ்டர் ஊத்து, சூப்பர் 98 போடுன்னு ரூம்ல ஒருத்தர் சொல்லுவாரு, லோன்ல லேண்ட் குரூசர் எடுத்தவரு. கேட்டுக்கோ, செய்யாத.

இப்ப ஊர்க்கார மெக்கானிக். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில அம்பாசடர் பாத்த கைகள் கெட்டிக்காரக் கைகள்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உப்புத்தாளால பாயிண்டைத் தேச்சு, ஃபீலர் கேஜ் இல்லாம கண்ணாலயே கேப் வச்சு, தென்காசி ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து ‘சரியாயிட்டு’ன்னு சொல்லுவாவ. கல்யாண சீசன்ல அந்தப் பட்டறை வாசல்ல வண்டி வரிசையா நிக்கும். ஓடுற இன்ஜின்ல பிளக் ஒயரை ஒண்ணொண்ணாப் பிடுங்கி எது வேலை செய்யலன்னு கண்டுபிடிப்பாவ. அதே பழக்கத்துல இங்கேயும் காயிலைத் தூக்கி அந்தரத்துல ஸ்பார்க் விட்டுப் பாக்கவங்க உண்டு. அது கோட்டித்தனம். காயிலும் போகும், அந்த சிலிண்டர் பெட்ரோல் மொத்தமும் கன்வெர்ட்டருக்குப் போகும். அப்படிப் பாக்கணும்னா இன்ஜெக்டர் கனெக்டரைக் கழத்து. எதைக் கழத்தினா ஐடிலிங் மாறலையோ அதுதான் செத்த சிலிண்டர். சொந்த ஊரா வேத்து ஊரான்னு பாக்காத, ஸ்கேனர் வச்சு டேட்டா பாக்கானா, ஸ்டீயரிங்கைப் பிடிச்சதும் விலை சொல்லுதானான்னு பாரு.

இவ்வளவும் செஞ்சும் அதே சிலிண்டர்னா கம்ப்ரஷன், அதான் சிலிண்டருக்குள்ள அமுங்குற பிரஷரைப் பாக்கச் சொல்லு. நாலு பிளக்கையும் கழத்தி, காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களை எடுத்துட்டு, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு செல்ஃப் அடிக்கணும். 1.8 இன்ஜின்ல 145 பி.எஸ்.ஐ.க்குக் கீழ, இல்ல சிலிண்டருக்குச் சிலிண்டர் 15க்கு மேல வித்தியாசம்னா ஆகாது. ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அடிச்சா ஏறுதா, பிஸ்டன் ரிங். ஏறலையா, வால்வு. பக்கத்துப் பக்கத்து ரெண்டும் கம்மின்னா ஹெட் கேஸ்கட்.

ரிங் போனா அப்ப வேணா விக்கிறதைப் பத்தி யோசி. ஓவர்ஹால் கூலியைவிட யூஸ்டு இன்ஜின் மலிவாக் கெடைக்கலாம். ஆனா மல்கியாவுல, அதான் வண்டிப் பதிவு அட்டையில, இன்ஜின் நம்பர் இருக்கு, மாத்தினா அதைப் பதிய வச்சிரு, இல்லேன்னா விக்கையில நிப்பாட்டுவான். கோடு நம்பரையும், காயில் மாத்தின பொறவு அது நகந்துச்சா இல்லையான்னும் எழுது.